ஒரே ஒரு தடவதான் கேட்டாங்க

நீதான் ஜெமிமாவா? பச்சை ஸ்வெட்டர்னு மெசேஜ் போட்டிருந்த. நான் ஸ்டேஷன் பூரா பச்சையத் தேடிக்கிட்டு வர்றேன், நீ என்னடான்னா மேல கறுப்புக் கோட்டு போட்டு மூடிக்கிட்டு நிக்கற. சரி, இந்தக் குளிருக்குப் போட்டுத்தானே ஆகணும். நான் பெர்சிஸ். அக்கான்னு கூப்பிடு. பேரச் சொல்லித்தான் கூப்பிடணும்னு இங்க எல்லாரும் சொல்லிக் குடுத்திருப்பாங்க. அதெல்லாம் முதியோர் ஹோமுக்குள்ள வெச்சுக்க.

மலைக்குப் போற பஸ் எத்தன மணிக்கு? பத்து நாப்பதா? இப்ப எத்தன? அதோ, அதுதானா? ஏறு, ஏறு. நீ ஜன்னலோரம் உட்காரு. இல்ல, இரு, நான் உட்கார்றேன், வெளிய தெரியலேன்னா எனக்குத் தல சுத்தும். இந்தப் பக்கம் வேண்டாம்மா, வெயில் மூஞ்சில அடிக்குது. பின்னாடி போயிடலாம் வா. ஆங், இது பரவால்ல. எவ்வளவு நேரம் ஆவும்? அம்பது நிமிஷமா? முன்னாடியும் அம்பது நிமிஷந்தான். ஏழு வருஷத்துல அஞ்சு நிமிஷமாவது கொறைச்சிருக்கலாம்.

ரெண்டே பைதானான்னு பார்க்கற, இல்ல? ரெண்டேதான். உடுப்பு ஒண்ணு, பிரஷர் குக்கரும் மத்ததும் ஒண்ணு. ஏஜென்சி நர்சுன்னா அப்பிடித்தான். எந்த ஹோம்ல ஆள் கொறையுதோ அங்க மூணு மாசம். பிள்ள பெக்கப் போனவங்க, இடுப்பு ஒடிஞ்சு படுத்தவங்க, சண்ட போட்டுட்டுப் போனவங்க, அவங்க எடத்துல எல்லாம் நான். ஒம்போது ஹோமோட சாவி வாங்கியிருக்கேன், ஒம்போதும் திருப்பிக் குடுத்திருக்கேன். உங்க ஹோம் பத்தாவது. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. யாரும் வான்னு கூப்பிட வேண்டாம், யாரும் இருன்னு சொல்ல வேண்டாம். பேப்பர்ல தேதி போட்டிருக்கும், தேதி முடிஞ்சா கெளம்ப வேண்டியதுதான். அதுல ஒரு நிம்மதி இருக்கும்மா. உனக்கு இப்பப் புரியாது.

உங்க ஹோம்ல இருக்காளே பியூலா, அவ என்னப் பத்தி என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லலியா? சும்மா சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். நல்லா சமைப்பாங்கன்னு சொன்னாளா? வேற? அவ்வளவுதானா? ஒரு ரூம்ல ஒரு வருஷம் ஒண்ணா இருந்தோம், அவ்வளவுதான் சொன்னாளா?

சரி, நானே சொல்லிடறேன். அவ வாயால நீ கேக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டுக்க. ஆனா ஒண்ணு, எனக்கு அவ மேல கோவம்லாம் கெடையாது. மன்னிச்சாச்சு. எப்பவோ மன்னிச்சாச்சு. அவ இன்னும் மன்னிப்புக் கேக்கல, அது வேற விஷயம்.

நாங்க வந்த வருஷம் சபையிலேர்ந்து ரெண்டு பேரத்தான் ஜெர்மனிக்கு வாலண்டியரா அனுப்பினாங்க. பொறையாறுலேர்ந்து நான், உசிலம்பட்டியிலேர்ந்து அவ. எனக்கு இருவத்திரெண்டு, அவளுக்கு இருவது. ஏன் போகணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. முதியவர்களுக்குத் தொண்டு செய்யணும்னு எழுதினேன். நீயும் அதத்தானே எழுதின? சிரிக்காத. எல்லாரும் அதத்தான் எழுதுவோம். எங்க வீட்டுல பி.எஸ்சி. முடிச்சு ஒரு வருஷமா உட்கார்ந்திருந்தேன், பார்க்க வர்றவங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு. கதவு தெறந்துச்சு, வெளிய வந்துட்டேன். அத எழுத முடியுமா?

மொத நாளு மத்தியானம் மூணு மணிக்கு ஹோம்ல எல்லாரையும் ஒரு மேசையில உட்கார வெச்சாங்க. காப்பி, பக்கத்துல பிளம்ஸ் வெச்ச கேக்கு. அப்ப ஹோமுக்குத் தலைவி கெஸ்லரம்மா. போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ஒசரமா, ஒல்லியா, கண்ணாடியக் கயித்துல தொங்கப் போட்டிருப்பாங்க. அவங்களே கெட்டிலத் தூக்கிக்கிட்டு வந்து "பெர்சிஸ், காப்பி?"ன்னாங்க. நான் "வேண்டாம், நன்றி"ன்னேன். அவங்க "சரி"ன்னுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாங்க.

போயிட்டாங்கம்மா! நான் மேசை மேல கைய வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், திரும்பி வருவாங்கன்னு. எங்கம்மா எங்கள அப்பிடித்தான் வளத்தாங்க. யாரு வீட்டுக்குப் போனாலும் மொதத் தடவ கேட்டா வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவ கேட்டா இருக்கட்டும்னு சொல்லணும். மூணாவது தடவ அவங்களே கையில குடுத்தா வாங்கிக்கணும். மொதத் தடவையே கை நீட்டினா அம்மா கண்ணாலயே சுட்டுடுவாங்க. உங்க வீட்டுல இல்லியா? இருந்திருக்கும். எல்லா வீட்டுலயும் உண்டு. கேக்கறவங்களுக்கும் அது தெரியும். அதான் மூணு தடவ கேப்பாங்க.

அவங்க கேக்கு வேணுமான்னு கேட்டதும் பியூலா என்ன பண்ணா தெரியுமா? "ஆமா, ரெண்டு துண்டு"ன்னா. ரெண்டு துண்டு! எனக்குன்னா மேசைக்கடியில பூந்துக்கலாமான்னு இருந்துச்சு. ரூமுக்கு வந்து நல்லா திட்டினேன். "ஏண்டி, சோத்தையே பார்க்காத மாதிரி? நம்ம ஊரு மானம் என்ன ஆவறது?"ன்னேன். "பசிச்சுதுக்கா, கேட்டாங்க, குடுத்தாங்க"ன்னு சொல்லிட்டுத் தலையத் தொவட்டிக்கிட்டு நிக்கறா. அவ்வளவுதான் அவளுக்கு. பசிச்சுது, கேட்டாங்க, குடுத்தாங்க.

மூணு வாரம் எனக்குக் காப்பி கெடையாது. சமையக்கட்டுச் செவுத்துல ஒரு பட்டியல் ஒட்டியிருந்துச்சு. யாருக்குக் காப்பி, யாருக்கு டீ, யாருக்குச் சக்கரைன்னு. எம் பேருக்கு நேரா ஒரு கோடு. வீட்டுல ஒரு நாளைக்கு நாலு தடவ குடிச்சவ நான். மூணரை மணிக்குத் துணி தொவைக்கற ரூம்ல நின்னு, எல்லாரும் குடிச்சு மிச்சம் வெச்ச பிளாஸ்க்கத் தலகீழாக் கவுத்துக் குடிச்சிருக்கேன். ஆறிப்போய், கசந்துபோய். அழுதுகிட்டே குடிச்சிருக்கேன். நாடு விட்டு நாடு வந்து திருட்டுக் காப்பி.

ஒரு நாளு பார்த்தா மூணு மணிக்கு எனக்கு முன்னாடி ஒரு கப்பு. கெஸ்லரம்மா தோளத் தட்டி, "உனக்குக் காப்பி புடிக்கும்னு பியூலா சொன்னா, நீ ஏன் சொல்லல?"ன்னாங்க. இருவது பேருக்கு முன்னாடி! எனக்குக் காது ரெண்டும் எரிஞ்சுது. அன்னிக்கு ரூம்ல அவள விட்டேனா பாரு. "எனக்காகப் போய் எவகிட்டயும் நீ பேசக் கூடாது. இனிமே ஜென்மத்துக்கும் பேசக் கூடாது. பைபிள் மேல கைய வெச்சுச் சொல்லு"ன்னேன். வெச்சா. சொன்னா. அதோட அந்த விஷயம் முடிஞ்சுது.

இது என்ன ஸ்டாப்பு? இன்னும் நெறைய இருக்கா? இந்த மரமெல்லாம் அப்பிடியேதான் இருக்கு. நீ அந்தப் பைய இப்பிடி நகத்தி வை, காலு நீட்ட முடியல.

அப்பறம், பிராண்டுன்னு ஒரு தாத்தா இருந்தாரு. ரயில்வேல சிக்னல் கைகாட்டி இழுத்தவரு. யாருகிட்டயும் பேச மாட்டாரு. சூப்பு கொண்டு போய் வெச்சா வேண்டாம்பாரு, மத்த நர்சுங்க உடனே கிண்ணத்த எடுத்துட்டுப் போயிடுவாங்க. எனக்கு மனசு கேக்குமா? "ஒரு ஸ்பூன்"ன்னேன். வேண்டாம்னாரு. "அர ஸ்பூன்"ன்னேன். கிண்ணத்தத் தள்ளி விட்டாரு, சூப்பு பூரா எம்மேல. கெஸ்லரம்மா என்னத் தனியாக் கூப்பிட்டு அர மணி நேரம் பேசினாங்க. வேண்டாம்னு சொல்றது அவரு உரிமையாம். அந்த வார்த்தைக்கு நாம மரியாத குடுக்கணுமாம். தலையாட்டிட்டு வந்துட்டேன். மறுநாளும் கேட்டேன். அதுக்கு மறுநாளும் கேட்டேன். நாலாவது நாளு வேண்டாம்னு சொல்லிட்டு ஓரக்கண்ணால என்னப் பார்க்கறாரு மனுஷன்! கேப்பேனா மாட்டேனான்னு. கேட்டேன். வாயத் தொறந்தாரு. அதுலேர்ந்து தெனமும் அப்பிடித்தான், வேண்டாம், வேண்டாம், அப்பறம் ஆ. இந்த நாட்டுலயே நம்ம வழக்கம் புரிஞ்ச ஒரே ஆளு அவருதான்.

அந்த ஹோம் எனக்கு அவ்வளவு புடிச்சுப் போச்சும்மா. அதத்தான் சொல்ல வர்றேன். பனி, இருட்டு, பாஷை வராம முழிச்சது, எல்லாம் தாண்டி, மார்ச் மாசத்துல ஒரு நாளு காலையில ஜன்னலத் தொறந்துட்டு, நான் இங்கதான் இருக்கப் போறேன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. யாருகிட்டயும் சொல்லல. பியூலாகிட்டகூடச் சொல்லல. ஆனா மனசுக்குள்ள திரைச்சீலகூட மாத்தியாச்சு.

ஏப்ரல்ல கெஸ்லரம்மா ரெண்டு பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. வாலண்டியர் வருஷம் ஆகஸ்டோட முடியுது. ஹோம்லயே மூணு வருஷம் நர்சு படிப்பு, விசாவும் நீட்டிக் குடுப்பாங்க, ஆனா அந்த வருஷம் ஒரு எடம்தான் இருக்குன்னாங்க. சொல்லிட்டு என்னப் பார்த்து, "பெர்சிஸ், நீதான் மூத்தவ. மொதல்ல உங்கிட்டக் கேக்கறேன். உனக்கு விருப்பமா?"ன்னாங்க.

இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன். ஆனா வாயி என்ன சொல்லுது? "பரவால்ல, பியூலாவுக்குக் குடுங்க. எனக்கு வேண்டாம், நான் ஊருக்குப் போயிடறேன்"னு சொல்லுது. நல்ல வீட்டுப் பொண்ணு வேற என்ன சொல்லும்? பக்கத்துல சின்னப் பொண்ணு ஒருத்தி உட்கார்ந்திருக்கா, நான் பாட்டுக்கு எனக்குன்னு கையத் தூக்கறதா? "அதெல்லாம் கெடையாது, எங்களுக்கு நீதான் வேணும்"னு அவங்க சொல்லணும். நான் "இல்லீங்க"ன்னு சொல்லணும். திரும்பச் சொல்லணும். அப்பறம் நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால"ன்னு சொல்லணும். எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன், ஜெர்மன்லயே யோசிச்சு வெச்சிருக்கேன்.

கெஸ்லரம்மா எழுந்து கை குடுத்தாங்க. "இவ்வளவு தெளிவாச் சொன்னதுக்கு நன்றி"ன்னாங்க.

ஒரு தடவ. ஒரே ஒரு தடவதான் கேட்டாங்க. ஒரு மனுஷியோட வாழ்க்கையம்மா! காப்பியா கேக்கா, ஒரு தடவ கேட்டுட்டு அடுத்த ஆளுகிட்டப் போறதுக்கு?

வெள்ளக்காரிய விடு. அவங்க வளப்பு அது. ஆனா இவ? இவளுக்குத் தெரியாதா? தமிழச்சிதானே? நான் வேண்டாம்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு அந்த ரூம்ல தெரிஞ்ச ஒரே ஆளு அவதானே? "மேடம், எங்க ஊருல இப்பிடித்தான் சொல்லுவோம், அவங்களுக்கு ஆச இருக்கு, திரும்பக் கேளுங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? வாயே தொறக்கலம்மா. என் மூஞ்சியவே பார்க்கறா. "அக்கா?"ங்கறா. நான் "நீ எடுத்துக்கடி"ன்னேன். ரெண்டு நாளு டைம் வேணும்னு கெஸ்லரம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தா.

ரெண்டு நாளா என்ன பண்ணான்னு கேளு. அன்னிக்குச் சாயங்காலம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "அக்கா, நெஜமாவே உங்களுக்கு வேண்டாமா?"ன்னா. வேண்டாம்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்கறது ஒரு கேள்வியா? மறுநாளு கொடியில துணி காயப்போடறப்ப, "உங்களுக்கு ஆச இருந்தா சொல்லுங்கக்கா, நான் ஊருக்குப் போயிக்கறேன், எனக்கு ஒண்ணுமில்ல"ன்னா. எனக்குப் பிச்சை போடறியாடின்னு மனசுல நெனச்சுக்கிட்டு, "ஆச இருந்தா கெஸ்லரம்மா கேட்டப்பவே சொல்லியிருக்க மாட்டேனா?"ன்னேன். மூணாவது நாளு காலையில, கையெழுத்துப் போடப் போறப்ப, செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, "கடைசியாக் கேக்கறேங்க்கா. ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போகல"ன்னா. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. நான் தலைய வாரிக்கிட்டே, "போடி, நேரமாச்சு"ன்னேன்.

போயிட்டா.

என்ன அப்பிடிப் பார்க்கற? மூணு தடவ கேட்டாளேங்கறியா? அவ கேட்டா ஆச்சா? அவ யாரு கேக்கறதுக்கு? எடம் அவ வீட்டுதா? குடுக்கறவங்க கேக்கணும், அதான் கேள்வி. அவ கேட்டு, அவ விட்டுக் குடுத்து, நான் வாங்கிக்கிட்டா, ஆயுசுக்கும் அவ முன்னாடி நான் தல குனிஞ்சு நிக்கணும். நீ சின்னப் பொண்ணு, உனக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

ஆகஸ்டுல எனக்கு வழியனுப்பு விழா வெச்சாங்க. மூணு மணிக்குக் காப்பி. கேக்கு மேல சாக்லேட்டுல எம் பேரு. எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு அட்டை. கெஸ்லரம்மா எழுந்து, "பெர்சிஸ் தன்னோட குடும்பத்தோட இருக்க முடிவு பண்ணியிருக்கா, அந்த முடிவ நாங்க மதிக்கறோம்"னு பேசினாங்க. நான் தேம்பித் தேம்பி அழுதேன். பாவம், எங்கள விட்டுப் பிரியறதுக்கு அழறான்னு நெனச்சுக்கிட்டு எல்லாரும் டிஷ்யூ குடுத்தாங்க. பிராண்டு தாத்தா மட்டும் கேக்கத் தொடல. நான் போய் ஊட்டினேன். ஒரே தடவையில வாயத் தொறந்துட்டாரு. அதுதான் எனக்குத் தாங்கல.

ஊருக்கா? ஊருக்கு எங்க போனேன்! பொறையாறுல போய் இறங்கி, இருன்னு யாரும் சொல்லல, வந்துட்டேன்னு சொல்லவா? ஏர்போர்ட்டுக்குன்னு கெளம்பி வேற ரயில் ஏறினேன். எட்டு மணி நேரம் தள்ளி ஒரு ஊரு. தமிழ் ஆராதனை நடத்தற ஐயா ஒருத்தரப் புடிச்சு, இன்னும் ஆறு மாசம் வாலண்டியரா நீட்டி, அப்பறம் அங்கயே நர்சு படிப்பு. ஊரு வந்து சேர்ந்தேன், அம்மா நல்லா இருக்காங்கன்னு இங்க எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டேன். கிறிஸ்துமஸுக்கு பியூலா வீடியோ கால் பண்ணா. பேசிக்கிட்டே இருந்தவ, "அக்கா, உங்க பின்னாடி ஜன்னல்ல பனி பெய்யுது"ன்னா. நான் திரும்பிப் பார்த்தேன். பொறையாறுல என்னிக்கும்மா பனி கொட்டுச்சு? போன வெச்சுட்டேன். அதுக்கப்பறம் அவ நம்பர எடுக்கறதில்ல.

சிரி, சிரி. இப்ப எனக்கே சிரிப்பு வருது.

அப்பறம் என்ன, இந்த நாட்டுல நான் நல்லா காலூனிட்டேன். பாஷை தண்ணி பட்ட பாடு. எந்த ஆபீஸ்ல எந்தப் பேப்பர்னு எங்கிட்டத்தான் எல்லாரும் கேக்கறாங்க. படிச்ச எடத்துலயே இருக்கச் சொன்னாங்க. சொன்னாங்கன்னா, "இருக்கறியா?"ன்னு ஒரு மெயில். நான் பார்ப்போம்னு எழுதினேன். அவங்களும் பார்ப்போம்னு விட்டுட்டாங்க. ரெண்டாவது ஹோம்ல பிசியோதெரபி பையன் ஒருத்தன், சினிமாவுக்கு வர்றியான்னான். இல்லன்னேன். அவனும் நல்ல மாதிரி, அதுக்கப்பறம் என்னத் தொந்தரவே பண்ணல. கடைசி நாளு வரைக்கும் பண்ணல. மூணு மாசத்துக்கு மேல எந்த ஜன்னலையும் என்னால பார்க்க முடியலம்மா. ரெண்டாவது மாசமே பையெங்கன்னு கண்ணு தேட ஆரம்பிச்சுடுது.

உனக்கு ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்க. அக்கா பட்டுச் சொல்றேன். இங்க ஒரு தடவதான் கேப்பாங்க. வேணும்னா வேணும்னு சொல்லு, பட்டுன்னு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. சுத்தி வளைக்காத. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா நீயும் அப்பிடியே விட்டுடு, துருவாத. இதக் கத்துக்கிட்டா பொழைச்சுக்குவ. வந்து அஞ்சு மாசம் ஆச்சுல்ல? கத்துக்கிட்டியா? நல்ல பொண்ணு.

இந்த வளைவு தெரியுது. பால் பண்ணை இருந்துச்சே இங்க. இன்னும் எத்தன ஸ்டாப்பு? ஆறா?

ஏன் திரும்ப இங்கயே வர்றேன்னு கேக்கறியா? நானா வந்தேன்? ஏஜென்சிக்காரன் உயிர எடுத்துட்டான். போன வருஷம் போன் பண்ணி, இந்த ஹோம்ல கேக்கறாங்கன்னான். முடியாதுன்னேன். ஜூன்ல கேட்டான். முடியாதுன்னேன். அக்டோபர்லயும் கேட்டான். நாலாவது தடவ சரின்னுட்டேன். நல்ல பஸ் வசதி இருக்கேன்னு. ஃப்ளூ வந்து பாதிப் பேரு படுத்திருப்பாங்க, பாவம், வயசானவங்கள யாரு பார்ப்பா?

என்ன? ஃப்ளூ இல்லியா? ஆளு கொறையலியா? அப்பறம் எதுக்கு ஏஜென்சியில கேட்டாங்க?

இரு. இரு. ஏஜென்சிக்கு யாரு போன் பண்ணினது? பியூலாவா? அவளேவா? நாலு தடவையும் அவளா? அவதான் இப்ப வார்டு பொறுப்புங்கறது தெரியும், அதுக்காக... பேரச் சொல்லியா கேட்டா? எம் பேரச் சொல்லியா?

இத ஏன் மொதல்லயே சொல்லல? ஓ, சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காளா. நேர்ல வந்தப்பறம் அவளே கேக்கணும்னு. எதக் கேக்கணும்?

நிரந்தரமாவா?

மாடியில ரூமா? எந்த ரூமு? எங்க ரூமா?

அவளுக்கு இதுதான் வேல. ஒம்போது ஹோம் சுத்தினவளப் புடிச்சு வந்து இங்க உட்கார வெக்கணும்னு. எனக்கு என்ன தலையெழுத்தா? நான் மூணு மாசத்துக்கு வந்தேன், தேதி போட்டிருக்கு, பேப்பர் பைக்குள்ள இருக்கு, பாக்கறியா? நீ கேக்கறியா எங்கிட்ட, இருப்பீங்களாக்கான்னு? உன்ன யாரு கேக்கச் சொன்னது? சும்மா உனக்காத் தோணிச்சா? நல்லா இருக்கு. வேண்டாம். வேண்டாம்னு சொல்லிடு அவகிட்ட. அவ மூஞ்சியப் பார்த்து நான் சொல்ல வேணாம், நீயே சொல்லிடு. நான் ஜன்னலப் பார்த்துக்கிட்டு வர்றேன்.

என்ன பண்ற?

போன்ல என்ன தட்டற? பியூலாவுக்கா? என்னன்னு? "அக்கா வேண்டாம்னு சொல்லிட்டாங்க"ன்னா? அதுக்குள்ளயா? ஏம்மா, நீ காரைக்கால் பக்கத்துப் பொண்ணுதானே? உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலியா? நான் சொன்னா சொன்னதுதான், துருவாதன்னும் சொன்னேன்தான், அதுக்காக ஒரு வாய்ப் பேச்சுக்குக்கூட ஏங்க்கான்னு கேக்க மாட்டியா? அஞ்சே மாசத்துல இப்பிடி ஆயிட்டியா?

அனுப்பிட்டியா? இன்னும் இல்லியே? காமி. அழி அத. பூரா அழி.

ஸ்டாப் பட்டன அமுக்காத, நம்ம ஸ்டாப்பு போனாப் போகட்டும், அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி நடந்துக்கலாம். போனக் கீழ வை. என் பக்கம் திரும்பு. நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல, மறுபடியும் வேண்டாம்னுதான் வாயில வரும். வந்தா வரட்டும். நீ விடாத.

கேளு. இன்னொரு தடவ கேளு.